லீவு சொல்லப்பட்ட பிள்ளைகள்

அரசு நடுநிலைப் பள்ளியின் கேட்டுக்கு நேர் எதிரே என் தையல் கடை. யூனிஃபார்ம்தான் பிழைப்பு. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் முதலில் ஈ ஓட்டுவது நான்தான். அதனால் கணக்கு டீச்சரைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு. காலில் சக்கரம் கட்டியதுபோல் நடப்பவர் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ்.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. வருடாந்திர வட்டாரத் தேர்வுக்கு முந்தின நாள், தேறாத பிள்ளைகளை ஹெட்மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு வீட்லயே இரு" என்பார். அவர்கள் எழுதாவிட்டால் சராசரி ஏறும். சராசரி ஏறியதே தவிர, சேர்க்கை தேய்ந்துகொண்டேதான் வந்தது. இன்னும் குறைந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அந்த வருஷம் பார்த்து எக்ஸ்பிரஸ் கிளம்பினார். தேர்வன்று காலை ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய், லீவு சொல்லப்பட்ட பிள்ளைகளை ஏற்றி வந்து இறக்கினார். தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் மெக்கானிக்கின் மகள் பாதி பின்னிய சடையோடு இறங்கினாள். ஹெட்மாஸ்டர் கேட்டிலேயே மறித்தார்.

"என்ன டீச்சர் பண்றீங்க? சராசரி விழுந்தா ஸ்கூலையே மூடிடுவாங்க!"

"பரீட்சைக்கே உட்கார விடலன்னா, அப்புறம் எதுக்கு சார் ஸ்கூல்?"

சராசரி விழுந்தது. வட்டாரத்திலேயே கடைசி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க நியாயத்துக்கு என் வயித்துல அடிச்சிட்டீங்களே டீச்சர்!"

அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்து, "எனக்கும் பயமாத்தான் இருக்குக்கா" என்று அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்த கையோடு எழுந்து, விடைத்தாளை எடுத்துக்கொண்டு மெக்கானிக் வீட்டுக்குப் போனார். அந்தப் பெண்ணோடு தரையில் உட்கார்ந்து, தப்பான கணக்குகளை மறுபடி போட வைத்தார். மற்ற வீடுகளுக்கும் அப்படியே போனார். எப்பேர்ப்பட்ட பிடிவாதம்! நானாக இருந்தால் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன்.

சேர்க்கை தொடங்கியது. கேட்டில் ஆளையே காணோம். நான் பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தபோது மெக்கானிக் வந்தார், தனியார் பள்ளியில் படித்த சின்னவனோடு.

"இவனுக்கு அளவெடுங்கக்கா. இனிமே இங்கதான்."

"இதுதாம்ப்பா கடைசியா வந்த ஸ்கூல்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"வரட்டுமே. பெரியவ பெயிலுதான். ஆனா எங்க தப்பு விட்டேன்னு அவளே எனக்குப் போட்டுக் காட்டுறாக்கா. இவனுக்கு மார்க் குறைஞ்சதும் அங்க டி.சி. வாங்கிட்டுப் போன்னாங்க. இங்க வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போறாங்க."

இதையே பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார் மனிதர். பெற்றோர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். என் மிஷினுக்கு எண்ணெய் விடக்கூட நேரமில்லை. பள்ளி தப்பியது.

அடுத்த வட்டாரத் தேர்வன்று காலை, ஹெட்மாஸ்டர் கேட்டில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக் பொண்ணு எங்க? இன்னும் காணோமே!"

எக்ஸ்பிரஸ் ஸ்கூட்டரைத் திருப்பினார்.

"நீங்க உள்ள போங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, ஹெட்மாஸ்டர் தன் பைக்கை உதைத்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பின் சீட்டிலிருந்து, பாதி பின்னிய சடையோடு, அவள் வந்து இறங்கினாள்.