குளிரில் தளராத பேட்டரி

கனடாவின் இந்த வினிப்பெக் ஊரில் நான் பேட்டரிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். கோட்டுக்குள், சட்டைக்கும் அடியில், உடம்புச் சூடு படும் இடத்தில் நான்கு பேட்டரிகள். பேருந்தில் அவற்றை வெளியே எடுத்து டேப் ரெக்கார்டரில் போடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள். உட்காரட்டும். இறங்கி மருத்துவமனைச் சலவைக்கூடம் வரை நடக்கும் நேரம்தான் நான் அப்பாவோடு பேசும் நேரம்.

மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே தொலைபேசி தோட்ட ஆபீசில் மட்டும்தான். கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டுத்தான் தொட முடியும். ஆகவே எங்கள் கடிதமெல்லாம் கேசட்தான். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்கள் கேசட் ரேடியோ கம்மத் தொடங்கினால் அப்பா பேட்டரியைக் கழற்றித் தகரக் கூரைமேல் வெயிலில் காயவைப்பார். சாயங்காலம் இன்னும் இரண்டு பாட்டுக்கு உயிர் வந்துவிடும். பேட்டரியைக் குளிர் கொல்லும் என்று எங்கள் தோட்டத்தில் யாருக்குத் தெரியும்?

நான் தங்கியிருக்கும் வீட்டில் சுவர்கள் மெல்லியவை. கொஞ்சம் சிரித்தாலும் வீட்டுக்காரம்மா தட்டுவார். அப்பாவிடம் குசுகுசுவென்று பேச எனக்கு வராது. அதனால் முதல் குளிர்காலத்தில் தெருவில் நடந்தபடியே ஒரு கேசட் முழுக்கப் பேசி, கேட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். பதில் கேசட்டில் அப்பா சொன்னார்:

“ஏம்மா ரோசா, என்னா இப்படிக் கீச்சு கீச்சுன்னு ஓட்டமா பேசுற? வேல ஜாஸ்தின்னா இனிமே கேசட்டு அனுப்ப வேணாம் லா. நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்.”

ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்றால், நிறைய நினைத்துவிட்டார் என்று பொருள். அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. குளிரில் பேட்டரி தளர்ந்து, பதிவாகும்போது நாடா ஊர்ந்திருக்கிறது. அங்கே அது சரியான வேகத்தில் ஓட, என் பேச்சு அணில் கத்தலாகிவிட்டது. பேட்டரி செய்த வேலைக்கு நான் அப்பாவை இழப்பதா?

குளிர் தாங்கும் பேட்டரி கேட்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர், “கேம்பிங் போகிறீர்களா?” என்றார்.

“இல்லை, அப்பாவிடம் பேச வேண்டும்.”

அவர் தெருவுக்கு எதிரே இருந்த தொலைபேசிக் கூண்டைக் காட்டினார். ரெக்கார்டரை மேசைமேல் வைத்து விளக்கிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. சார்ஜ் செய்யும் நிக்கல் காட்மியம் பேட்டரியை எடுத்து வைத்தார். விலை அதிகம், சக்தி ஒரு துளி குறைவு, ஆனால் குளிருக்கு அவ்வளவாக அசையாது, பனியிலிருந்து வந்ததும் சார்ஜரில் போடாமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும் என்றார். சொன்னால் நம்பிவிடுவேனா? சாதாரணம், ஆல்கலைன், சார்ஜ் செய்வது என்று மூன்று வகையிலும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பின்படிக்கட்டில் பனிக்கு நடுவே அமர்ந்து, ஒவ்வொன்றையும் குளிரில் ஊறவைத்து, ஒவ்வொன்றிலும் முழு ஜெபமாலை சொல்லிப் பதிவு செய்தேன். வீட்டுக்காரம்மா சன்னல் வழியே பார்த்தார். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார். உள்ளே வந்து போட்டுக் கேட்டால், சாதாரண பேட்டரியில் வந்த கீச்சுக்குரலுக்கு மாதாவே சிரித்திருப்பாள். ஆல்கலைனில் பாதி ஜெபமாலைக்குப் பிறகு குரல் ஓட்டமெடுக்கத் தொடங்கியது. சார்ஜ் பேட்டரியில் கடைசி ஆமென் வரை என் குரல் என் குரலாகவே இருந்தது.

மறுநாளே தெருவில் நடந்தபடி பேசினேன். “அப்பா, நான் ஓடல. குளிர்ல பேட்டரிதான் செத்துப்போச்சு. இப்ப நடந்துக்கிட்டுத்தான் பேசுறேன், கேளுங்க.” கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினேன். வாரங்கள் போயின. இனி பதில் வராது என்றே பயந்திருந்தேன்.

வந்த கேசட்டில் முதலில் கேட்டது என் குரல்தான், சற்றுத் தூரத்தில். அதற்கடியில் என் காலணியில் பனி நொறுங்கும் சத்தம். அதோடு சரளைக்கல்லில் ஒரு செருப்புச் சத்தம். குழம்பிப்போனேன். தங்கை எஸ்தர் மூச்சு வாங்கியபடி சொன்னாள்: “அக்கா, அப்பா ரேடியோவத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒன்னோட நடந்து வராரு. நான் பக்கத்து வீட்டு ரெக்கார்டரத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே வர்றேன்.”

“மெதுவா நட ரோசா,” என்றார் அப்பா. “நானும் வர்றேன்ல.”

கேசட்டில் என் காலடி மருத்துவமனை வாசலில் நின்றது. அவருடையது செம்பனை மரங்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சதூரம் போய், நின்றது.