சூடான சுவர்

மழைக்காலத்தில் தாராவியில் எங்கள் வீட்டுச் சுவரில்தான் துணி காயும். எங்கள் ஊர் மேலப்பாளையத்தில் இதைப் படிப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். அங்கே மழை பெய்தாலே அது செய்தி. இங்கே ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பர்வரை விடாது. கீழே என்னைக் கட்டிய மாப்பிள்ளையின் ரொட்டிப் பட்டறை, மேலே தகரக் கூரைக்கடியில் நாங்கள். பட்டறை அடுப்பின் மண்குழாய்ப் புகைபோக்கி எங்கள் அறைச் சுவருக்குள்ளேயே ஏறிக் கூரைக்கு மேலே போனது. அதனால் சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். நல்ல வீடு வாய்த்தது என்று சந்தோஷப்பட்டேன். கைக்குழந்தை ஜன்னத்தின் தொட்டிலையும் அந்தச் சுவரில் பதித்திருந்த மரத்தூணில்தான் கட்டினேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் சுவரில் கைவைக்க முடியாமல் போனது. துணிகள் சீக்கிரம் காய்ந்தன, ஆனால் புகை நாற்றம் அடித்தன. ஜன்னத் இருமிக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டு மங்களாபாயிடம், "தீவார் பஹுத் கரம் ஹோ கயா", சுவர் ரொம்பச் சூடாகிவிட்டது என்றேன். அவள் முகம் மலர்ந்து, "அச்சா ஹை!" என்று தன் வீட்டு ஈரத்துணியையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சூட்டைச் சொல்ல முடிந்தது, பயத்தைச் சொல்ல முடியவில்லை.

ஊரில் உம்மா வீட்டு அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. புகை ஓட்டுச் சந்து வழியாகத் தன்பாட்டுக்குப் போகும். அடுப்பு விரிசல் விட்டால் மண் குழைத்து மெழுகுவோம், அவ்வளவுதான். இங்கேயும் சுவரில் விரிசல் தெரியத் தெரிய மெழுகிவந்தேன். வெளியே சுவர் வழவழவென்று இருந்தது.

மாப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னார்: "உள்ள மண்கொழா ஒடஞ்சிருக்கும் புள்ள. பெருநாள் கழியட்டும், மாத்திருவோம்."

"அதுவரைக்கும்?"

"இத்தன வருசம் ஒண்ணும் ஆவலயே."

அன்று மத்தியானம் தொட்டில் கயிற்றைத் தொட்டேன். முடிச்சு சுட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி அடுப்புக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். "நெருப்ப அணைங்க. அதுவரைக்கும் நா மேல ஏற மாட்டேன்." வேலையாட்கள் எதிரில் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேலே போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். இறங்கி வந்து எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் கொத்தனார் செங்கல்லைப் பிரித்தபோது மண்குழாய்கள் சில்லு சில்லாக உதிர்ந்தன. அறைப்பக்கம் பச்சைப் பெயின்ட்டோடு நின்ற தூண், உட்பக்கம் கரியாகியிருந்தது. கரணையால் சுரண்டச் சுரண்டக் கொட்டியது. மிஞ்சியிருந்தது ஒரு பலகையளவு மரம். அதில்தான் என் பிள்ளை தொங்கியிருக்கிறாள்.

கும்பார்வாடா குயவர்களிடம் புதுக் குழாய் வாங்கி இறக்கினோம், தூணையும் மாற்றினோம். மறுபடி அடுப்பு எரிந்தபோது சுவர் சில்லென்றிருந்தது. ஈரத்துணியோடு வந்த மங்களாபாய் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் எதையோ ஒளித்துவைத்தது போல என்னைப் பார்த்துப் போனாள்.

அடுத்த கோடையில் ஊருக்குப் போனேன். சாயங்காலம் உம்மா வீட்டு மேற்குச் சுவரோரம் ஜன்னத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாய்ந்தேன். முதுகில் சுவர் சுட்டது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"என்னளா? பகல் பூரா வெயில்லா அடிச்சிருக்கு!" என்றாள் உம்மா.

வெயில்தான் என்று எனக்கும் தெரியும். நான் பிறந்து வளர்ந்த வீடு அது. ஆனாலும் எந்தச் சுவரும் எட்டாத நடுவீட்டில்தான் பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினேன்.