கைன ட்ஸைட்

அத்தானின் மஞ்சள் ஹெல்மெட் இப்போதும் இங்கே வளைகுடாவில், முவைலாவில் என் அறை அலமாரியின்மேல் இருக்கிறது. உள்பக்கம் கறுப்பு மார்க்கரால் ‘ட்ஸைட்’ என்று அவரே எழுதிய தமிழ் எழுத்து அழியவில்லை. நேரத்துக்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் சொல் அது. அந்தப் பாழாய்ப்போன சொல்லை அவர் கற்றிருக்கவே வேண்டாம்.

இரண்டாயிரங்களின் நடுவில் கடலோரத்தில் ஒரு படகுத்துறை கட்டிக்கொண்டிருந்தோம். நான் டைம்கீப்பர்; என் அக்காளைக் கட்டிய அத்தான் ஃபோர்மேன். குமரிக் கரையில் மீன்பிடித்துவிட்டு வந்தவர், தெரியாததைக் கேட்காமல் விடமாட்டார். எந்நேரமும் ‘ட்ஸைட், ட்ஸைட்’ என்று கத்தும் ஜெர்மன் எஞ்சினியரிடமே ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பொருள் கேட்டார். நேரம், காலம், யுகம் எல்லாவற்றுக்கும் அதுதானாம். வேர்ப்பொருள் வெட்டுவது, பங்கிடுவது. நாளை வெட்டி எடுத்த துண்டுதான் நேரம். வடக்கே எஞ்சினியரின் சொந்தக் கடற்கரையில், கடல் ஏறி வற்றுவதற்கும் அதே வேரிலிருந்து வந்த பெயர்தானாம். அத்தானுக்கு ஒரே சந்தோஷம். “நமக்கும் கடலுதாம்லே மக்கா மணி காட்டுது!” என்றார். எனக்கென்னவோ அந்த ‘வெட்டு’ பிடிக்கவில்லை. நம் காலத்துக்குள்ளும் காலன் இருக்கிறானே என்றேன். “சோறு திங்கும்போது பேசுற பேச்சாலே இது?” என்று அதட்டினார்.

சில வாரம் கழித்து, கடல் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். இரும்புத் தகடுகளால் கடலை மறித்துத் தோண்டிய குழிக்குள் தண்ணீர் கசிந்தது. அதை இறைக்கும் பம்பின் குழாய் மூட்டும் கழன்றுவிட்டது. பதறினால் எஞ்சினியருக்கு ஆங்கிலம் வராது. மேலே நின்று “கைன ட்ஸைட்! கைன ட்ஸைட்!” என்று கத்தினார். நேரமில்லை, சீக்கிரம் மாட்டுங்கள் என்று அர்த்தம். கீழே நின்றவர்கள் காதில் ‘சைட்’ மட்டும்தான் விழுந்தது. கையை வேறு வீசினாரா, “இன்னைக்கு சைட் மாஃபி, கலாஸ்!” என்று, வேலை கிடையாது, முடிந்தது என அரபி கலந்து சொல்லிச் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறிவிட்டார்கள்.

“லேய், சைட் இல்லன்னு சொல்லலலே, நேரம் இல்லன்னுலா சொல்லுதாரு!”

குழிக்குள்ளிருந்து அத்தானின் குரல். சொல் தெரிந்தவர் ஆயிற்றே! ஸ்பேனரோடு அவர் மட்டும் குழாயிடம் குனிந்தார். தகடு உள்நோக்கி வளைவதைப் பார்த்து, “அத்தான், ஏறி வாங்க!” என்று அலறினேன். அவர் நிமிர்ந்தார். அதற்குள் கடல் உள்ளே வந்துவிட்டது. தப்பாகக் கேட்டவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். முதலில் மிதந்து வந்தது இந்த ஹெல்மெட்தான்.

அக்காள் இதைக் கேட்டதில்லை, நானும் கொடுக்கவில்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் அறைத்தோழர் தினமும் சாதாரணமாகத்தான் கூப்பிடுகிறார்: “அண்ணே, சைட்டுக்கு நேரமாச்சு.” அலமாரியை நிமிர்ந்து பார்க்காமல் ஷூவை மாட்டிக்கொள்கிறேன்.