வாலில்லாத வரைபடம்

கணக்கு சார் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு முதன்முதலாக வந்தபோது கையில் புத்தகமும் இல்லை, கணினியும் இல்லை. செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கவர் கட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சரக்குப் போட வந்தவரைப் போல வாசலில் நின்றார். கால் கிலோ பருப்புப் போடுகிற அளவுக் கவர்கள். "ஒரு ஆட்டுக்கு ஒரு கவர் மேடம். கலக்கக் கூடாது" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. வணக்கமே அதற்கு அப்புறம்தான் வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. சேலத்தில் இருந்த அந்தக் கால்நடை ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக ஆட்டுப் புழுக்கையைக் கரைத்துப் புழு முட்டை எண்ணிக்கொண்டிருந்தவள் நான். ஒரு பட்டியில் பத்து ஆட்டின் புழுக்கையை ஒன்றாகக் கலந்து, கல்லுப்புக் கரைசல் ஊற்றிக் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, கோடு போட்ட கண்ணாடியில் விட்டு, மிதந்து வருகிற முட்டைகளை நுண்ணோக்கியில் எண்ணுவேன். பத்து ஆட்டுக்குச் சேர்த்து ஒரே எண்ணிக்கை. அதைப் பார்த்து டாக்டர் பட்டி முழுவதற்கும் மருந்து எழுதுவார். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேலத்துக் கல்லூரி ஒன்றில் கணிதம் சொல்லிக்கொடுப்பவர், ஆடு தும்மினால் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குகிற மனிதர், எனக்குப் புழுக்கை எடுக்கப் பாடம் நடத்துவதா என்று அன்றைக்கு முழுக்கப் பொருமினேன்.

புழுக்கள் ஆடுகளுக்குள் எப்படிப் பங்காகின்றன என்பதைக் கணிதமாக எழுதுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. அது எனக்குப் புரிய வேண்டுமென்று அவர் எடுத்த உதாரணம் பேன். "ஒரு வகுப்புல நாப்பது பிள்ளைங்க, மொத்தம் நானூறு பேன். தலைக்குப் பத்துன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். "முப்பது தலையில ஒண்ணுமே இருக்காது. ரெண்டே ரெண்டு தலையில முந்நூறு இருக்கும். அப்படித்தான் ஆட்டுக்குள்ள புழுவும். நீங்க பத்தையும் கலக்கும்போது அந்த ரெண்டு தலை காணாமப் போயிடுது" என்றார். அந்த இரண்டு தலைகளில் ஒன்று புதுச்சத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் என்னுடையதாக இருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து கலக்குவதை விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பட்டிக்கும் அவர் ஒரு வரைபடம் போடுவார். புழு குறைந்த ஆடுகள் இடது பக்கம் உயரமாகக் குவிந்திருக்கும். அங்கிருந்து கோடு சரசரவென்று இறங்கி, வலது பக்கம் மெலிந்து நீண்டுகொண்டே போகும். அந்த மெலிந்த பகுதியை வால் என்பார். வாலில் இருப்பது நாலைந்து ஆடுதான். பட்டியின் புழுவில் பெரும்பங்கு அவற்றின் வயிற்றில்தான். மேச்சேரியைச் சுற்றி நாங்கள் ஏறி இறங்கிய பட்டிகளில் ஒன்றுகூட வாலில்லாமல் இருந்ததில்லை. பனி காயுமுன் மேய்ச்சல் காட்டில் புல்லை வெட்டி வந்து அலசி, அதில் எத்தனை புழுக்குஞ்சு இருக்கிறது என்றும் பார்ப்போம். ஆடு போட்ட முட்டை, புல்லில் ஏறிய குஞ்சு, அதைத் தின்ற ஆடு என்று வட்டம் முழுவதும் அவருடைய சமன்பாட்டுக்குள் சுற்றி வரும். விடை பொருந்திவிட்டால் அன்றைக்கு எனக்கு ஒரு டீ வாங்கித் தருவார்.

பொருந்தாமல் போனது ஓர் அக்காவின் பட்டியில். மேச்சேரிக்கு மேற்கே அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியில் வடக்கே போய்விட்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவார். ஆடுகள் அக்காவின் பொறுப்பு. கல்யாணமாகி வந்தபோது இருந்த நாலு உருப்படியைப் பட்டியாக வளர்த்தவர் அவர். இரண்டு மழைக்காலமாகக் குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தால் உள்ளே வெளிறியிருக்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும், இரண்டு நாளில் சாய்ந்துவிடும். மொத்தத்தையும் விற்றுத் தொலை என்று வீட்டுக்காரர் போனில் கத்தியிருக்கிறார். "இந்த மழைக்கும் குட்டி சாஞ்சுதுன்னா யாவாரிக்கு ஏத்தி உட்டுட்டு மில்லுக்குப் போயிர்றனுங்க அம்மணி. பொட்டக்குட்டி ஒண்ணொண்ணையும் மடியில வெச்சுத் தேத்துனது. கண்ணு முன்னால சாகறதப் பாக்க முடியலீங்க" என்றார் என்னிடம்.

அவர் கொண்டுவந்து நிறுத்திய ஆடுகள் எல்லாவற்றிலும் புழுக்கை எடுத்தோம், டாக்டர் மருந்தும் கொடுத்தார். என் எண்ணிக்கையில் எல்லா ஆட்டுக்கும் முட்டை குறைவு. சாரின் வரைபடம் இடது பக்கம் குவிந்து, இறங்கி, அதோடு நின்றுவிட்டது. வாலே இல்லை. ஆனால் அந்தக் காட்டுப் புல்லிலோ குஞ்சு மண்டிக் கிடந்தது. மருந்து கொடுத்து மூன்று வாரத்தில் மேலும் நாலு குட்டி செத்தது. சார் இரண்டு நாள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், என்னிடம் வந்து, "மேடம், எங்கயாவது பெரிய எண்ணிக்கை வந்து, தப்பா இருக்கும்னு விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவரோடு பேசுவதையே நிறுத்தினேன். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த கவர்கள் அத்தனையையும் மறுபடி கரைத்து மறுபடி எண்ணி, நோட்டை அவர் மேசையில் பொத்தென்று போட்டேன். அதே எண்கள். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "மன்னிச்சுக்கங்க மேடம். தப்பு கண்ணாடியில இல்ல, பட்டியில இருக்கு. இந்த ஆடுங்க போடற முட்டைக்கு அந்தப் புல்லுல அவ்வளவு குஞ்சு வராது. நாம பார்க்காத ஆடு அங்க மேயுது. நிறைய இல்ல, ரெண்டோ மூணோ" என்றார். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இரண்டோ மூன்றோ என்று ஒரு மனிதர் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு மேச்சேரி ஆட்டைச் சொல்ல முடியுமா என்று பார்த்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். வேறு ஆட்களின் ஆடு இந்தக் காட்டில் மேய்கிறதா என்று சார் கேட்டார். "ஆரு ஆடும் வராதுங்க. இது எங்க காடு" என்றார் அக்கா. அப்படியானால் எங்களுக்குக் காட்டாத ஆடு இருக்கிறதா என்று கேட்டதுதான் தாமதம், அக்காவின் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க வாத்தியாரே, ஒளிச்சு வெக்கறதுக்கு நா என்ன களவாணியா? மருந்து கேக்கலீன்னா கேக்கலீன்னு சொல்லிப்போட்டுப் போங்க" என்று குச்சியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். நாங்கள் வெயிலில் நின்றோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது எனக்கு முன்னமே தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா கோழி எத்தனை என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டாள். ஏதோ கெடக்குது என்பாள். உயிருள்ளதை மொத்தமாக எண்ணினால் கண் பட்டுவிடும் என்று எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஒரு பயம் உண்டு. படித்த திமிரில் அதை மறந்துவிட்டு, அரசாங்க நோட்டோடு போய் நின்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். சாரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார், இல்லாவிட்டால் மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் வைப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. வாசலுக்கு நாலடி தள்ளியே நின்று, உள்ளே கேட்கும்படி, "அக்கா, மொத்தம் எத்தனைன்னு எங்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்த ஆடுங்களை எங்க கண்ணுல காட்டவும் வேண்டாம். நாங்க எண்ணவும் மாட்டோம். அதுங்க புழுக்கையை மட்டும் நீங்களே எடுத்துக் குடுங்க, போதும்" என்றார்.

பிறகு அக்கா பின்கட்டிலிருந்து வந்தார். கையில், போன தடவை நாங்கள் விட்டுப்போன கவர்களில் மூன்று, புழுக்கையோடு. "மொத்தத்தையும் ஒரு ஆளு எண்ணுனா ஆகாதுங்க அம்மணி. அதுக்குத்தான் மூணை உட்டுப்போட்டுக் காட்டறது" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. எந்த மூன்றை விடுவீர்கள் என்று கேட்டேன். "நல்லதாப் பாத்துத்தான். நோஞ்சானு மேல ஆரு கண்ணு வெக்கப் போறாங்க?" என்று அந்த வருத்தத்திலும் என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார்.

இரண்டு கவர்களில் ஒன்றும் பெரிதாக இல்லை. மூன்றாவதைக் கண்ணாடியில் விட்டபோது கேழ்வரகைக் கொட்டியதுபோல முட்டைகள். எண்ணி முடிக்க எனக்கு அரை நாள் பிடித்தது. சார் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன், அவருக்கு அது முழு வெற்றி. அவரோ நாற்காலியில் உட்கார்ந்து, "இதை அந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

அது மல்லியின் புழுக்கை என்று அக்கா கொடுக்கும்போதே சொல்லியிருந்தார். தாய் செத்துப்போன குட்டியாக இருந்ததைப் பால்புட்டியில் வளர்த்து, ஈற்றுக்கு இரண்டு போட்டுக்கொண்டிருந்த செவலை ஆடு. பார்க்க எண்ணெய் தடவினதுபோல மினுங்கும். சில ஆடுகள் அப்படித்தான், வயிறு நிறையப் புழுவைச் சுமந்துகொண்டே கொழுகொழுவென்று திரியும். அது போட்ட முட்டையெல்லாம் காட்டில் குஞ்சாகி, உள்ளே போன புழு முட்டை போடுமுன்பே தாங்க முடியாத குட்டிகளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் சொன்னதைக் கேட்டு அக்கா மல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "அப்ப எங்குட்டியள நானே கொன்னனுங்களா?" என்றார். நான்தான் சொன்னேன்: "நானுந்தாங்க்கா. பன்னெண்டு வருசமா எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கித்தான் எண்ணிட்டு இருந்தனுங்க. எத்தன பட்டியில எத்தன மல்லிய இப்படிக் கோட்டை உட்டனோ." அதைச் சொன்னபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. சமாதானத்துக்காகச் சொன்னதல்ல, நிஜம்.

மல்லிக்கும் மருந்து கொடுத்து, மேய்ச்சலுக்கு விடாமல் வீட்டோரத்திலேயே கட்டி, கடலைக்கொடியும் அகத்தியும் போட வேண்டும் என்று ஏற்பாடு. அந்த ஓர் ஆடு காட்டுக்குள் போகாவிட்டால் அடுத்த மழைக்குப் புல்லில் குஞ்சு எவ்வளவு குறையும் என்று சார் கணக்குப் போட்டுக் காட்டினார். அக்கா அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கவனமாகப் பார்த்தார். சந்தை நாளில் வண்டியோடு வந்த வியாபாரியை, இன்னும் ஒரு மழை பார்க்கிறேன் என்று திருப்பி அனுப்பினார். வீட்டுக்காரர் போனில் ஏசியதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மழை வந்தது. நானும் சாரும் தினமும் ஒரு தடவை அவருக்குப் போன் போட்டு, சும்மா விசாரிக்கிற மாதிரி விசாரித்தோம். அந்த மழைக்கு ஒரு குட்டி போயிற்று. ஒன்றே ஒன்றுதான்.

சார் ஆராய்ச்சியை முடித்து, வடக்கே ஒரு கல்வி நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒரு ஆட்டுக்கு ஒரு கவர் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது பழக்கமாகிவிட்டது. புதிதாக வருகிற பிள்ளைகள் முகம் சுளித்தால் நான் பேன் கதையைச் சொல்கிறேன், அந்தத் தலை யாருடையது என்பதையும் சேர்த்து.

போன மழைக்குப் பிறகு ஒரு நாள் அக்கா தனியாகப் பஸ் ஏறி வந்தார். மல்லி வயதாகிச் செத்துப்போயிருந்தது. கடைசி ஈற்றில் ஒற்றைப் பெட்டைக்குட்டி. அது வளர்ந்து ஒரு மழை முழுக்க மற்றதோடு மேய்ந்திருக்கிறது. தாயைப் போல இதுவும் சுமக்கிற ஆடாக இருந்தால் பட்டியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம். செய்தித்தாளில் மடித்த புழுக்கையை என் மேசையில் வைத்துவிட்டு, "பாத்துச் சொல்லுங்க அம்மணி" என்று வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கரைத்தேன், வடித்தேன், பார்த்தேன். கண்ணாடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று முட்டைகள். நம்பிக்கை வராமல் புதிதாகக் கரைத்து எண்ணினேன். இரண்டு. மறுபடியும் கரைத்தேன், மறுபடியும் மூன்று. சாருக்குப் போன் போட்டேன். எதிலும் ஆசை வைக்காமல் எண்ண வேண்டும் என்று அடித்துப் பேசுகிற மனிதர். எத்தனை தடவை எண்ணினீர்கள் என்று கேட்டார். மூன்று என்றேன். "நானா இருந்தா அஞ்சு தடவை எண்ணியிருப்பேன் மேடம்" என்றார். பிறகு, "அடுத்த மழைக்கும் பார்க்கணும். ஆனா இப்போதைக்கு வெச்சுக்கச் சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்தேன். அக்கா எழுந்து நின்றார். "வெச்சுக்கலாமுங்களா?" என்றார். "வெச்சுக்கங்க" என்றேன். அவர் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டென்று எழுந்துவிட்டார். "இல்லீங்க அம்மணி, நா வாரனுங்க. என்ன சொல்லுவீங்களோன்னு ரெண்டு நாளா அதைத் தனியாக் கட்டிப் போட்டிருக்கறன், கத்திக்கிட்டே கெடக்குது. இந்த பஸ்ஸப் புடிச்சன்னா, பொழுதுக்குள்ள மத்ததோட காட்டுல உட்டர்லாம்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கி ஓடினார்.