முதல் வாளி

எனக்குப் பேச வராது. வீட்டுக்கு யாராவது வந்தால் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வேன். “ஊமை ஊரைக் கெடுக்கும்” என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். ஆபீஸ் குமாஸ்தாவான அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வந்ததில்லை. பள்ளிப் பரீட்சையில் மறுபடியும் நான் தேறாமல் போனதும், மதுரையிலேயே ஒரு தொழிற்பள்ளியில் தச்சு வேலை பழகச் சேர்த்துவிட்டார். தெருவில் விசாரித்தவர்களிடம் “ஏதோ படிக்கிறான்” என்று முடித்துக்கொள்வார். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. மரத்திடம் பேச வேண்டியதில்லை.

அது முப்பதுகளின் கடைசி. எங்கே பார்த்தாலும் கிராம சேவை என்ற பேச்சாக இருந்தது. எங்கள் தலைமை ஆசிரியரையும் அது பிடித்துக்கொண்டது. “உளி பிடிக்க எவனுக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். மனுஷர்களோடு பழகத் தெரியாதவன் அரைத் தொழிலாளி” என்பார். வெள்ளைவெளேரென்று கதர் கட்டுவார். கணீரென்ற குரல். அவர் பேசினால் நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம், நான் மற்றவர்களைவிட அதிகமாகவே.

சனிக்கிழமைதோறும் எங்களைச் சமயநல்லூருக்கு ரயிலேற்றி அனுப்பினார். இறங்கி வரப்பு வழியாக நடந்தால் ஒரு கிராமம். கிராமத்தைத் தாண்டி, கண்மாய்க்கு அந்தப் பக்கம், பண்ணையில் கூலி வேலை பார்ப்பவர்களின் தெரு. அந்தத் தெருவுக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பதுதான் எங்கள் சேவை.

முதல் வேலையையே நான் கெடுத்தேன். தெருவின் முதல் குடிசையில் கதவு கிடையாது, ஓலைத்தட்டிதான். அளவெடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் கதவு செய்து, அடுத்த வாரம் கொண்டுவந்து மாட்டினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவு உள்பக்கமாகத் திறந்தது. அந்த வீட்டு அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும், நாற்று நட்டு வெயிலில் காய்ந்த உடம்பு.

“சாமி, கதவு உள்ள தெறந்தா நாங்க எங்கிட்டுப் படுக்க?”

உள்ளே இருந்த இடமே அவ்வளவுதான். நான் கதவைக் கழற்ற ஆரம்பித்தேன். “வாயத் தெறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா இம்புட்டு வேல உண்டா?” என்று அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் கேட்காமல் நான் எதையும் அளந்ததில்லை. அவர்தான் என்னைத் தெருவுக்குள் கூட்டிப்போய் ஒவ்வொரு வீடாக விட்டார். சாமி என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எத்தனையோ சனிக்கிழமைகள் கழித்து, ஒரு நாள் அவரை அறியாமலேயே “தம்பி” என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா. ஊர் திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்தத் தெருவுக்குக் கிணறு இல்லை. ஊர்க்கிணற்றை அவர்கள் தொடக்கூடாது. குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். யாராவது இரக்கப்பட்டு ஊற்றினால் தண்ணீர். கோடையில் இரக்கமும் வற்றிவிடும். அந்த அக்கா பாதி நாளைக் குடத்தோடு நின்றே கழித்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னது நான்தான். அந்தத் தெருவை ஒட்டிய புறம்போக்கில் ஒரு கிணறு வெட்டலாம் என்று தலைமை ஆசிரியர் முடிவு செய்தார்.

கிணறு எங்கே என்பதில் தெருவின் மேல்கோடிக்காரர்களுக்கும் கீழ்க்கோடிக்காரர்களுக்கும் சண்டை வந்தது. இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து, இரண்டு பேருடைய வசவையும் கேட்டு, கடைசியில் நடுவில் வெட்ட அவர்களையே சொல்லவைத்தேன். வாயில்லாப் பிள்ளை என்று பேர் வாங்கிய நான். தெரு தோண்டியது, அக்கா மண் சுமந்தார். எங்கள் பையன்கள் செங்கல் கட்டினார்கள். ராட்டினமும் அதைத் தாங்கும் மரச்சட்டமும் என் கைவேலை. அங்கே நல்ல ஊற்று என்று கிழவர்கள் முதலிலேயே சொன்னபடி, ஊறிய தண்ணீர் இளநீராக இனித்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மற்ற கிணறுகளெல்லாம் உப்பு, பண்ணையாருடைய கிணறு உட்பட.

திறப்புக்கு முந்தின வாரம் தலைமை ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பண்ணை வீட்டு அம்மாள் வந்து முதல் வாளி இறைத்துத் திறந்து வைப்பார்கள், தெருக்காரர்கள் அதற்கு முன் கிணற்றில் கை வைக்காமல் பொறுத்திருக்க வேண்டும் என்றார். “ஒரு மரியாதைதான். நீ சொன்னால் கேட்பார்கள்.”

நான் போய்ச் சொன்னதும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

“அவுக வாளி மொதல்ல எறங்கிருச்சுன்னா அப்புறம் நம்ம வாளி எறங்காது தம்பி. இந்த ஊருல எந்தக் கெணத்த நாங்க தோண்டல? தோண்டுற வரைக்கும் தீட்டு இல்ல. அவுக தண்ணி எடுத்தப்புறந்தான் தீட்டு.”

 அடுத்த ரயிலுக்குத் திரும்பி, நேரே தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் என் தோளில் கை போட்டார். “அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் நான் இருக்கிறேன். கிணறு அந்தத் தெருவுக்குத்தான். என் வார்த்தை” என்றார். அந்தக் குரலை நம்பாமல் வேறு எதை நம்புவது?

வீடு வீடாகப் போனேன். படித்த வித்தை அத்தனையையும் இறக்கினேன். கிழவர்களை முதலில் பேசவிட்டேன், கோபக்காரர்களைக் கோபம் தீரும்வரை கேட்டேன், இளவட்டங்களைக் கேலி பேசிச் சிரிக்கவைத்தேன். ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கடைசியாக ஒத்துக்கொண்டவர் அக்காதான்.

“சரி தம்பி” என்றார் ஒரு பெருமூச்சோடு. “அந்தப் பெரிய மனுசருக்காக இல்ல. நீ பேசத் தெரியாத புள்ள. பொய்யும் சொல்லத் தெரியாது.”

திறப்பன்று மாவிலைத் தோரணம், சூடம், தேங்காய். தலைமை ஆசிரியர் சேவையைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார். பண்ணை வீட்டு அம்மாள் வாளியை இறக்கி முதல் தண்ணீரை எடுத்தார். தெருப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு முன்னே வந்தார்கள். பண்ணையின் காரியக்காரர் தன் கம்பைக் கைப்பிடிச் சுவர்மேல் குறுக்கே வைத்தார்.

“தள்ளி நில்லுங்க. ஆளுக வந்து ஊத்துவாக.”

அதட்டல்கூட இல்லை. சாதாரணமாகச் சொன்னார். நான் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். அவர் மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் திடுக்கிடல் துளியும் இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை பட்டறை வாசலில் பண்ணை வண்டிகள் வந்து நின்றன. நிறைய மரம், எல்லாம் முதிர்ந்த வேங்கை. தடவிப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. புதிதாக அறுத்ததில்லை.

“எப்ப வெட்டுனது அண்ணே?” என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

“அது ஆச்சு எம்புட்டோ நாளு. கெணறு தோண்டுறதுக்கு முந்தி ஒங்க பெரியவரு வந்து பேசி முடிச்ச அன்னைக்கே பண்ணையாரு ஒங்க பள்ளிக்கூடத்துக்குன்னு ஒதுக்கிட்டாரு. கெணறு தெறந்தப்புறம் ஏத்தணும்னு உத்தரவு.”

அப்படியானால் மண்வெட்டி விழுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நேரே தலைமை ஆசிரியர் அறைக்குள் போனேன். என்னவெல்லாமோ கேட்டேன். அந்தத் தெருவின் தாகத்தை விற்று மரம் வாங்கினீர்களா என்று கேட்டேன். என் நாக்கை எதற்கு ஐயா இரவல் வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் புன்னகை செய்தார்.

“இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் எதிரில் நின்று உன் பேரைச் சொல்லவே உனக்கு வராது. இன்றைக்கு எப்படி வாதாடுகிறாய் பார். சேவையால் பலன் இல்லை என்று எவன் சொல்வான்?”

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருந்தேன். அறுத்தபின் கழுத்தைத் தட்டிக் கொடுப்பார்கள் என்று தெரியாது.  உளிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பள்ளிக்குப் பிறகு நான் போகவில்லை.

சனிக்கிழமை தனியாகச் சமயநல்லூரில் இறங்கினேன். அக்கா புதுக்கிணற்றருகே இருந்தார். அருகே என்றால், கம்பு காட்டிய தூரத்தில், குடத்தோடு, மற்றப் பெண்களுக்குப் பின்னால். நான் கடைந்த ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்கள் பண்ணை வீட்டுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தலைமை ஆசிரியர் வீட்டில் வாக்குக் கொடுத்தது, மரம் வந்தது, நான் கேட்டது, பள்ளியை விட்டது, என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்பது, ஒன்றுவிடாமல். தடுமாறாமல், கோவையாகச் சொன்னேன். வெகுநேரம் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

“நல்லாப் பேசுறீக, சாமி” என்றார்.