அடிமனை யாருது?

“நிறுத்துங்க சார்!” என்று அந்த அம்மாள் சொன்னபோது படித்துக்கொண்டிருந்த என் வாயில் ஒரு பக்கம் வெற்றிலையை அடக்கியிருந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

எழுபதுகளில், திருத்தணியில் நான் பத்திர எழுத்தராக இருந்தபோது நடந்தது. எழுதிய பத்திரத்தை இரு தரப்புக்கும் உரக்கப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க மாட்டேன். தெலுங்கு பேசுகிறவர்கள் என்றால் தெலுங்கிலும் சொல்வேன். அதற்குத் தனிக் கூலி கிடையாது. “ரேடியோ ஆரம்பிச்சுட்சுப்பா” என்று பக்கத்து மேஜைக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அன்று வந்தவர்கள் அம்மையார்குப்பத்து நெசவுத் தம்பதி, முனிரத்தினமும் ராஜம்மாவும். விசைத்தறிகளை விற்றுவிட்டு மலையடிவாரத்தில் ஒரு கடை வாங்க வந்திருந்தார்கள். கீழே ஜவுளிக்கடை, மேலே தளம் போட்டு வீடு என்று திட்டம். விற்கிறவர் ஒரு பாத்திரக்கடைக்காரர். அடிமனை சத்திரத்து டிரஸ்டுக்குச் சொந்தம், குத்தகை இன்னும் ஐந்து வருஷம் என்று நான் படித்த இடத்தில்தான் ராஜம்மா நிறுத்தினார்.

“அடிமனைன்னா இன்னா சார்?”

“கடை நிக்குதே, அந்த நிலம்மா. அது சத்திரத்துது.”

ராஜம்மா பாத்திரக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். “சொந்தக் கடைன்னு சொன்னீங்களேண்ணா?”

“ஆங், சொந்தந்தாம்மா. குத்தகை என் பேர்லதான கீது? உள்வாடகைக்கா குந்திகினு இருக்கேன்?”

அவர் ஏமாற்றவில்லை. எங்கள் கடைத்தெருவில் ‘சொந்தக் கடை’ என்றால் அவ்வளவுதான் அர்த்தம். அம்மையார்குப்பத்தில் சொந்தம் என்றால் மண்ணோடு சேர்த்துச் சொந்தம்.

முனிரத்தினத்தின் முகம் செத்துவிட்டது. “தறியும் போச்சு, கடையும் போச்சு. எழுந்து வா, போலாம்.”

“இரு பாவா,” என்று கணவரை உட்காரவைத்துவிட்டு ராஜம்மா என்னிடம் கேட்டார்: “அஞ்சு வருஷம் கழிச்சி, மேல கட்ன வீடு இன்னா ஆவும்?”

“குத்தகையப் புதுப்பிச்சுக் குடுத்தா இருக்கும். இல்லேன்னா நிலத்தோட போயிடும்.”

“ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வருஷா வருஷம் வரும் இல்ல?”

“அது வராம எங்கம்மா போவுது!”

“அப்ப வியாபாரத்த வாங்கிக்கிறோம். வூடு வேணாம்.”

அதற்கேற்ப விலையைக் குறைக்க வைத்தார். டிரஸ்டின் சம்மதம் எழுத்தில் வந்த பிறகுதான் பணம் என்றார். தளம் போடவில்லை, தகரக் கூரையோடு கடையைத் திறந்தார்கள். பிழிந்து எடுத்தார்கள் அந்த ஐந்து வருஷத்தையும்!

குத்தகை முடிந்ததும் டிரஸ்ட் இடத்தைத் திரும்பக் கேட்டது. அதே வரிசையில் மாடி கட்டியவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ராஜம்மா தகரத்தையும் ஷட்டரையும் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

குத்தகை இடத்தில் போடுகிற பணம் மீதி வருஷங்களுக்குள் திரும்புமா என்று பாருங்கள். கழற்றி எடுத்துப் போக முடியாததைக் கட்டாதீர்கள். இதை எனக்குச் சட்டப் புத்தகம் சொல்லவில்லை, ராஜம்மாதான் சொன்னார். அதன்பின் எந்தக் கடைப் பத்திரத்திலும் அடிமனை யாருடையது என்பதை முதலிலேயே எழுதினேன். அந்தப் பேரால்தான் ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள், என் பிள்ளைகள் படித்தார்கள். அந்த அம்மாளை நினைத்தால் கை தானாகக் குவியும்.

கடையைக் கழற்றிக்கொண்டு போன அடுத்த வருஷம் இருவரும் மறுபடி வந்தார்கள். அரக்கோணம் ரோட்டில் கடைமனை, கிரயப் பத்திரம். படிக்க ஆரம்பித்தேன்.

“நிறுத்துங்க சார்.”

பத்திரத்திலிருந்து நிமிர்ந்தேன்.

“அடிமனை யாருது?”

“உங்களுதும்மா.”

ராஜம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னொரு தபா படிங்க.”

படித்தேன். தெலுங்கிலும் சொன்னேன்.