‘சார்’ என்று கூப்பிடும் மனைவி

பதினாறு ஜெர்சிகளை உள்ளே திணித்து, கதவை முழங்கையால் ஓர் இடி இடித்து, பொத்தானை அழுத்திய கையோடு அக்கா கைபேசியை எடுத்துவிட்டார். இயந்திரம் துவைத்து முடிக்க நாற்பத்தைந்து நிமிடம். அதற்குள் ஓர் அத்தியாயம். அலசும் சத்தம் கேட்டால் கதாநாயகி அழத் தொடங்கவேண்டும். பிழியும் சத்தம் வந்துவிட்டால் ‘தொடரும்’.

கால்பந்து மைதானத்துச் சலவை அறையில் அக்காவுக்கு வேலை. எந்த ஆட்டக்காரன் எந்தப் பக்கமாக விழுவான் என்று கறையைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் ஓர் ஆட்டத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் கைபேசிச் செயலியில் கால்பந்துக் காதல் கதை எழுதுகிறார். குடும்பஸ்தனுக்குத்தான் கேப்டன் பதவி என்று கிளப் முதலாளி அடம்பிடிக்க, ஆட்டக்காரன் ஒருவன் அணியின் பிசியோதெரபிஸ்ட் பெண்ணைப் பேருக்குக் கட்டிக்கொள்கிறான். இதெல்லாம் நடக்கிற கதையா என்று யாராவது கேட்டால், “எனக்கே நடந்துச்சே” என்பார் ஜெர்சியை உதறிக்கொண்டே.

பொய்யில்லை. மைதான ஊழியர் குடியிருப்பில் தம்பதிகளுக்கு மட்டும்தான் வீடு. அக்கா அப்போது அண்ணன் வீட்டில், அண்ணி முகம் பார்த்துக் காலந்தள்ளிக்கொண்டிருந்தார். புல்தரையைப் பராமரிக்கும் சாரோ, புல்வெட்டும் வண்டிக்குப் பக்கத்தில் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தார். ஒரு மனு, இரண்டு கையெழுத்து, கல்யாணம் முடிந்தது. ஆளுக்கு ஓர் அறை, சமையலுக்கு முறை. இரண்டு வருடமாக இவருக்கு அவர் ‘சார்’, அவருக்கு இவர் ‘மேடம்’.

சார் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். ஆனாலும் ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் படிக்கிறவர் அவர்தான். “மேடம், அவங்க கோல்கீப்பர் அவங்க கோல்லயே நிக்கிறான். அவன் எப்படி ஆஃப்சைடு ஆவான்? விட்டுடுங்க, பாவம்” என்பார் தரையைப் பார்த்துக்கொண்டு. அக்கா சண்டை போடுவார், அப்புறம் திருத்திவிடுவார்.

நாற்பதாம் அத்தியாயத்தின் கீழே ஒரு வாசகி கேட்டிருந்தாள்: “கல்யாணமாகி இத்தனை நாளாச்சு, இன்னும் புருஷனை சார்னு கூப்பிடுறா. இது வீடா, ஆபீஸா?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. திரும்பப் படித்தால் பக்கத்துக்கு நாலு ‘சார்’. கை அதுபாட்டுக்குத் தட்டியிருக்கிறது! மாற்ற உட்கார்ந்தார். ‘அத்தான்’ என்று போட்டார். தனக்கே சிரிப்பு வந்தது. ‘மாமா’ அதைவிட மோசம். பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தால், கதாநாயகி திமிர் பிடித்தவளாகத் தெரிந்தாள். அன்று இயந்திரம் நின்ற பிறகும் அத்தியாயம் முடியவில்லை.

அந்த வாரமே அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தனி ஆட்களுக்கும் இனி வீடு உண்டாம். சார் சலவை அறைக்கே வந்து, இஸ்திரி மேசைமேல் இரண்டு விண்ணப்பங்களை வைத்தார்.

“நாளைக்குள்ள குடுக்கணும் மேடம். உங்களுக்கு எது வசதியோ...”

மிச்சத்தை முழுங்கிவிட்டுப் போய்விட்டார்.

வசதியாம், வசதி! அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். தனி வீடு கிடைத்தால் அந்தக் கோல்கீப்பருக்குப் பரிந்து பேச அங்கே யார் இருக்கிறார்கள்? இந்த மனுஷன் வேண்டும். வீட்டுக்காக இல்லை, ஒன்றுக்காகவும் இல்லை, சும்மாவே வேண்டும். அதை எப்படிப் போய்ச் சொல்வது? கதையில் என்றால் மழையைக் கொட்டவிட்டுச் சொல்ல வைத்துவிடலாம். வெளியே சுள்ளென்று வெயில்.

இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு, முதல்முறையாக ஆடுகளத்துப் பக்கம் போனார். மறுநாள் ஆட்டத்துக்காகச் சார், கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பெனால்டி கட்டத்தில் குனிந்த தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தார். ஓரத்தில் நின்று ‘சார்’ என்று கூப்பிடத்தான் அக்கா வாயைத் திறந்தார்.

“என்னங்க.”

சார் திரும்பவில்லை. வேறு யாரையோ என்று நினைத்திருக்கவேண்டும்.

“உங்களைத்தாங்க.”

இப்போது திரும்பினார். வண்டி நிற்கவில்லை. வெள்ளைக்கோடு கட்டத்தை விட்டு விலகி, கோணல்மாணலாக இரண்டு முழம் அக்கா பக்கமாக ஓடி வந்துவிட்டது. சார் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுப் புல்லில் இறங்கினார்.